வண்டின் மேலோடு: மருந்து எங்கே தோற்கிறது, எங்கே வேலை செய்கிறது?

தென்னங்கன்றில் காண்டாமிருக வண்டு விழுந்துவிட்டது என்று தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போய் மருந்து அடித்துவிட்டு வருகிறோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே குருத்தில் புதிதாக ஒரு துளை. துளையின் வாயில் வண்டு மென்று தள்ளிய நார்ச் சக்கை. மருந்து சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு ஒன்று வாங்கி அடிக்கிறோம். அதுவும் பலிப்பதில்லை. மூன்றாவது முறை அளவைக் கூட்டுகிறோம்.

பெரும்பாலும் குறை மருந்தில் இல்லை. வண்டு குருத்துக்குள் ஆழமாகப் பதுங்கியிருப்பது ஒரு காரணம். அதன் உடம்பை மூடியிருக்கும் கெட்டியான மேலோடு இன்னொரு காரணம். அந்த மேலோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எங்கே கெட்டி, எங்கே மெலிசு, வண்டின் வாழ்நாளில் எந்தக் கட்டத்தில் அது இல்லாமல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் காசு செலவழிக்க வேண்டும், எந்த இடத்தில் வீண் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். எருக்குழியைக் கிளறச் சொல்வது ஏன், மட்டை இடுக்கில் மணலைப் போடச் சொல்வது ஏன், விதைப் பயறில் களிமண் தூள் கலக்கச் சொல்வது ஏன் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த ஓட்டில்தான் இருக்கிறது.

ஒரு செத்த வண்டைக் கையில் எடுங்கள்

பொறியில் விழுந்து செத்த காண்டாமிருக வண்டு ஒன்றை எடுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு அங்குல நீளம், கறுப்பும் பழுப்புமாக ஒரு பளபளப்பு, தலையில் கொம்பு. ஆண் வண்டுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. விரலால் முதுகை அழுத்திப் பாருங்கள், அசையாது.

முதுகின் நடுவில் நேர்கோடாக ஒரு பிளவு தெரியும். நகத்தை விட்டு அதை இரண்டு பக்கமும் விரித்தால் கதவு திறப்பதுபோல் இரண்டு தகடுகள் விலகும். இவை உண்மையில் இறகுகள். வண்டினத்தில் முன்னிறகு இரண்டும் பறக்கும் வேலையை விட்டுவிட்டு மூடியாக மாறிவிட்டன. அதனடியில் கண்ணாடித்தாள் போன்ற பின்னிறகுகள் மடித்துச் செருகப்பட்டிருக்கும். பறப்பது அவற்றால்தான். விரித்துப் பார்த்தால் உடம்பைவிட நீளமாக இருக்கும். புடவையை மடித்துப் பெட்டியில் வைத்ததுபோல் அவ்வளவையும் மடித்து மூடிக்கொள்வதால்தான் எருவுக்குள்ளும் மரத்துக்குள்ளும் முட்டிமோதிப் போனாலும் இறகு கிழிவதில்லை. ஒரு வண்ணத்துப்பூச்சியால் இதைச் செய்ய முடியாது.

அந்தப் பின்னிறகையும் தூக்குங்கள். இப்போது தெரிவது வயிற்றின் முதுகுப்புறம். மேலே அவ்வளவு கெட்டியாக இருந்த வண்டு, இங்கே தொட்டால் அமுங்கும். வயிற்றின் இரு ஓரமும் வரிசையாகச் சிறு புள்ளிகள் இருக்கும். அவை மூச்சுத்துளைகள். வண்டுக்கு மூக்கும் நுரையீரலும் கிடையாது. இந்தத் துளைகள் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது. துளைகளுக்கு மூடித் திறக்கும் அமைப்பும் உண்டு.

அடுத்து தலையை மெல்ல முன்னால் வளைத்துப் பாருங்கள். தலைக்கும் மார்புக்கும் நடுவே வெளிறிய தோல் ஒன்று இழுபடும். கால் தொடையிலும் முழங்காலிலும் அதே மாதிரித் தோல் இருக்கும். முழு உடம்பும் கெட்டி ஓடாக இருந்தால் வண்டு நடக்கவே முடியாது. எங்கெல்லாம் வளைய வேண்டுமோ அங்கெல்லாம் ஓடு மெலிந்து தோலாகிவிடுகிறது. ஆக, வண்டு என்பது தகடுகளைத் தோலால் இணைத்த ஒரு கவசம். தகடு பலம், இணைப்பு பலவீனம். கம்பிக் கொக்கியை வைத்துக் குருத்திலிருந்து வண்டைக் குத்தி எடுப்பவர்களைக் கவனித்தால் தெரியும். ஓட்டின் நடுவில் குத்தினால் கொக்கி வழுக்கும். கழுத்து மடிப்பிலோ வயிற்றிலோ பட்டால் ஒரே இழுப்பில் வரும்.

மேலோட்டில் எத்தனை அடுக்கு?

வெளியிலிருந்து உள்ளே போவோம். மேலே, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு. சேம்பு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், வண்டின் முதுகிலும் அப்படித்தான். வெறும் தண்ணீரில் கரைத்த மருந்து முத்து முத்தாக உருண்டு கீழே போய்விடும். இந்த மெழுகின் முதல் வேலை மழையைத் தடுப்பது அல்ல, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காப்பது. சிறிய உடம்பு சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர் வெயிலில் வற்றுவதற்கும் ஒரு கிணறு வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மெழுகு இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் வண்டு ஒரு நாள் தாங்காது. இந்தச் சங்கதியை மறக்காதீர்கள், தானியத்தைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

மெழுகுக்குக் கீழே இருப்பது கெட்டி அடுக்கு. கைட்டின் என்ற நாரும் புரதமும் சேர்ந்து ஆனது. கைட்டின் என்பது செடியின் நார்ப்பொருளான செல்லுலோஸுக்கு உறவுக்காரன்தான். இறால், நண்டு ஓட்டிலும் அதுவே இருக்கிறது. நண்டு அதோடு சுண்ணாம்பைச் சேர்த்து ஓட்டைக் கெட்டியாக்குகிறது. வண்டு சுண்ணாம்பை நம்புவதில்லை. புரத இழைகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைத்துக் கெட்டியாக்குகிறது. தோல் பதனிடும்போது பச்சைத் தோல் கெட்டியாகி நிறம் மாறுகிறதே, ஏறக்குறைய அதே வேலைதான். ஓடு பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறுவது அந்தப் பதனிடலோடு சேர்ந்து வருவது.

நார்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு அடுக்கிலும் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். அடுத்த அடுக்கு கொஞ்சம் திரும்பியிருக்கும். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கும். பிளைவுட் பலகையைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவது இதே உபாயம்தான். ஓர் இடத்தில் விரிசல் விட்டாலும் அது நேராக ஓட முடியாமல் திசை மாறி மாறி நின்றுவிடும். அமெரிக்காவின் மேற்குப் பகுதி வறண்ட காடுகளில் ஒரு வண்டு இருக்கிறது. பறக்காது. அதன் முன்னிறகு இரண்டும் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டவை. தன் எடையைப்போல் சுமார் 39,000 மடங்கு அழுத்தத்தை அது தாங்குகிறது என்று 2020இல் ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். கார் ஏறினாலும் நசுங்காது. நம் தோப்பு வண்டு அந்த அளவுக்கு இல்லை, ஆனால் கட்டுமானம் ஒன்றுதான்.

கெட்டி அடுக்குக்கு உள்ளே இன்னொரு அடுக்கு. இதுவும் கைட்டின்தான், ஆனால் பதனிடப்படாதது, நெகிழும். மூட்டுகளில் கெட்டி அடுக்கு இல்லாமல் இந்த நெகிழும் பகுதி மட்டும் இருப்பதால்தான் அங்கே வளைகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வரிசையாக உயிருள்ள செல்கள். மேலே சொன்ன அத்தனையையும் சுரந்து கட்டும் கொத்தனார் அவைதான். ஓடு உயிரற்றது, செல்களுக்குத்தான் உயிர்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயதில் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் வைத்து இலை போட்டு வளர்க்காதவர்கள் கிராமத்தில் குறைவு. அந்தப் பச்சைத் தங்க மினுமினுப்பு சாயம் அல்ல. ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருவது. சோப்புக் குமிழியில் வானவில் தெரிவதுபோல. அதனால்தான் வண்டு செத்துப் பல வருடம் ஆனாலும் அதன் இறகு மங்குவதில்லை.

எலும்பு வெளியே, சதை உள்ளே

நமக்கு எலும்பு உள்ளே, சதை அதைச் சுற்றி. வண்டுக்கு அப்படியே தலைகீழ். ஓடுதான் எலும்பு. சதை நார்கள் ஓட்டின் உள்பக்கத்தில் பிடித்துக்கொண்டு இழுக்கின்றன. அகலமான உள்பரப்பில் நிறையச் சதை பிடிப்பதால் அந்தச் சிறிய உடம்புக்கு அவ்வளவு பலம். மூடிய கைக்குள் ஒரு காண்டாமிருக வண்டை வைத்துப் பாருங்கள். விரலை நெம்பிக்கொண்டு வெளியே வந்துவிடும். முன்னங்காலில் வாள்பல் போன்ற முட்கள் இருக்கும். அவையும் ஓட்டின் நீட்சியே. அவற்றை ஊன்றிக்கொண்டு, கொம்பால் நெம்பி, தாடையால் குருத்தை அறுக்கிறது. சில வண்டுகளின் தாடை நுனியில் துத்தநாகம், மாங்கனீசு போன்ற உலோகமும் சேர்ந்திருக்கும். பயறுக்குள்ளேயும் மரத்துக்குள்ளேயும் துளை போட அந்தக் கெட்டி வேண்டியிருக்கிறது. குருத்து விரியாமல் மடிந்திருக்கும்போதே துளைத்துவிடுவதால், பிறகு விரியும் ஓலை கத்தரிக்கோலால் விசிறி வெட்டியதுபோல் தெரிகிறது.

இவ்வளவு கெட்டியான கவசத்துக்குள் இருந்தால் வெளி உலகம் எப்படித் தெரியும்? அதற்கும் ஓட்டிலேயே வழி இருக்கிறது. உடம்பெங்கும் தொடுவதை உணரும் மயிர்கள் உண்டு. தலையின் இரு பக்கமும் இருக்கும் கொம்பிழைகளில் மிகச் சிறிய துவாரங்கள் கொண்ட உணர்மயிர்கள் உண்டு. வாசனை அந்தத் துவாரத்தின் வழியாக உள்ளே போகிறது. இனக்கவர்ச்சிப் பொறி வேலை செய்வது இதை வைத்துத்தான். காண்டாமிருக வண்டில் இந்த வாசனையை விடுவது ஆண் வண்டு. ஆணும் பெண்ணும் இரண்டுமே அதை நாடி வரும். இரண்டு எக்டேருக்கு, அதாவது சுமார் ஐந்து ஏக்கருக்கு, ஒரு பொறி போதும். நிறைய வைத்தால் நிறைய விழும் என்று அடுத்த தோப்பு வண்டுகளையும் உங்கள் தோப்புக்கு விருந்துக்கு அழைக்க வேண்டாம். பொறியைக் கன்றுகளுக்கு நடுவில் கட்டாமல் சற்று ஒதுக்கி வைப்பது நல்லது.

வளர வேண்டுமானால் சட்டையைக் கழற்ற வேண்டும்

கவசத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு, அது வளராது. பாம்பு சட்டை உரிப்பதுபோல் பூச்சிகளும் பழையதை உரித்துப் போட்டுத்தான் பெரிதாக முடியும். உரிக்கும்போது வெளி ஓடு மட்டுமல்ல, முன்குடலின் உள்தோலும் மூச்சுக் குழாய்களின் உள்தோலும் சேர்ந்தே கழலும். அந்த நேரத்தில் அது தின்னாது, ஓடாது. புதிய தோல் கெட்டியாகும்வரை எதிர்க்கும் சக்தியும் கிடையாது.

வண்டு இந்த வேலையை எல்லாம் புழுப் பருவத்திலேயே முடித்துக்கொள்கிறது. ஓடு கெட்டியான முழு வண்டு அதற்குமேல் வளராது, சட்டையும் உரிக்காது. சின்ன வண்டு வளர்ந்து பெரிய வண்டு ஆகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது.

காண்டாமிருக வண்டின் கணக்கைப் பாருங்கள். எருவிலும் மட்கிய குப்பையிலும் முட்டை போடுகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் புழு வெளிவருகிறது. அழுக்கு வெள்ளை நிறம், பாதிநிலா மாதிரி வளைந்த உடம்பு, பழுப்புத் தலை. தலையும் தாடையும் மட்டுமே கெட்டி. மீதி உடம்பு முழுக்க மெல்லிய தோல். பக்கவாட்டில் ஒன்பது ஜோடி மூச்சுத்துளைகள் பழுப்புப் பொட்டுகளாகப் பளிச்சென்று தெரியும். இந்தப் புழு மூன்று முதல் ஆறு மாதம் உங்கள் எருக்குழியிலேயே இருக்கிறது. பிறகு மண்ணில் ஒரு அடிக்கும் கீழே இறங்கி, மண்கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகிறது. அது வண்டாக மாறிய பிறகும் உடனே வெளியே வருவதில்லை. அப்போது அதன் ஓடு வெளிறி, மெத்தென்று இருக்கும். இரண்டு மூன்று வாரம் கூட்டுக்குள்ளேயே கிடந்து, ஓடு பதனாகிக் கறுத்த பிறகுதான் மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும்.

அதாவது கவசமில்லாமல் பல மாதம் ஒரே இடத்தில், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. கவசம் போட்டுக்கொண்ட பிறகு, இருட்டில், நாற்பது அடி உயரக் கொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. நாம் எதைத் துரத்திக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

எருக்குழியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். மேலே வரும் புழுக்களைக் கோழியும் காக்கையும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். எருவை அள்ளிய பிறகு குழியின் அடிமண்ணையும் ஒரு முறை வெட்டிப் பாருங்கள், கூட்டுப்புழுவும் வெளிறிய புது வண்டும் அங்கேதான் இருக்கும். பலர் எருவோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டுப்போன தென்னை அடிமரங்களைத் தோப்பிலேயே மட்கவிடுவதும் எருக்குழி வைப்பதும் ஒன்றுதான், வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

கைட்டின் உருவாவதைத் தடுக்கும் மருந்துகள் சந்தையில் இருக்கின்றன. நோவாலுரான், லுஃபெனுரான் போன்றவை. இவை சட்டை உரிக்கும் பருவத்தில் புதுத் தோல் கட்டமுடியாமல் செய்பவை. முழு வண்டு சட்டை உரிப்பதே இல்லை என்பதால் அதன்மேல் இவற்றை அடித்து வண்டு விழும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

கவசத்தைத் துளைக்கும் பூஞ்சணம்

பூச்சிக்கு நோய் தரும் கிருமிகளில் பாக்டீரியாவும் வைரஸும் வாய் வழியாக வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். பூஞ்சணம் அப்படி அல்ல. அது மேலோட்டையே துளைத்துக்கொண்டு போகும். பச்சை மஸ்கார்டின் பூஞ்சணம் என்று சொல்லப்படும் மெட்டாரைசியத்தின் சிறப்பு இதுதான்.

அதன் வித்து பூச்சியின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. ஈரம் இருந்தால் முளைக்கிறது. நெல் முளைவிடுவதுபோல் ஒரு குழாய் நீண்டு, நுனியில் பட்டையாகிப் பிடித்துக்கொண்டு, புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்தபடியே உள்ளே அழுத்தித் துளைக்கிறது. உள்ளே போனதும் பூச்சியின் இரத்தத்தில் பெருகுகிறது. புழு சில நாளில் செயலிழந்து இறுகிச் சாகும். பிறகு மூட்டுகள் வழியாக வெள்ளையாகப் பூத்து, வித்து உண்டானதும் பச்சையாக மாறும். எருக்குழியில் பச்சைப் பொடி தடவியதுபோல் இறுகிய புழு கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள், அதே குழியில் புதைத்துவிடுங்கள். அதுதான் அடுத்த தலைமுறை மருந்து.

எருக்குழிக்கு ஒரு கன மீட்டருக்கு 250 மில்லி மெட்டாரைசியம் கரைசலை 750 மில்லி தண்ணீரில் கலந்து தெளிக்கப் பரிந்துரைக்கிறார்கள். எரு ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் தெளிக்க வேண்டும், வெயிலின் புறஊதாக் கதிரில் வித்து செத்துவிடும். மேலாக மட்டும் தெளிக்காமல் கிளறிவிட்டுத் தெளியுங்கள். தாமிரம் கலந்த மருந்தையோ வேறு பூஞ்சணக் கொல்லியையோ அடித்த தெளிப்பானைக் கழுவாமல் இதற்கு எடுத்தால், வாங்கிய காசு போச்சு. முடிவு மறுநாளே தெரியாது. இரண்டு வாரம் பொறுத்துக் கிளறிப் பாருங்கள்.

வாய்வழியே போகும் வைரஸும் காண்டாமிருக வண்டுக்கு ஒன்று உண்டு. 1960களில் மலேசியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஓட்டை அது தொடுவதே இல்லை, குடலில் பெருகி வண்டின் தீனியையும் முட்டையையும் குறைக்கிறது. நோய் கண்ட வண்டு எருவில் கழிப்பது மூலம் மற்ற வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் பரவுகிறது. லட்சத்தீவின் மினிக்காயில் 1980களில் விட்டபோது தாக்குதல் வெகுவாகக் குறைந்தது. இது கடையில் கிடைக்கும் சரக்கு அல்ல. நோய் ஏற்றிய வண்டுகளை எக்டேருக்கு 15 என்ற அளவில் தோப்பில் விட வேண்டும். தேவைப்படுவோர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

கொண்டைக்குள் வந்துவிட்ட வண்டுக்கு

எருக்குழியை எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் பக்கத்துத் தோப்பு வண்டு பறந்து வரும். அதற்குத்தான் மட்டை இடுக்கு மருத்துவம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்பக்க மூன்று மட்டைகளின் இடுக்கில் போடுங்கள். குருத்துக்குள் முட்டி நுழையும் வண்டின் கழுத்து மடிப்பிலும் கால் மூட்டிலும் மணல் போய் உறுத்தும். மேலே சொன்ன அந்த வெளிறிய தோல் இருக்கிறதே, அங்கே. வேம்பின் கசப்பும் வாடையும் அதோடு சேர்ந்து விரட்டும். களிமண்ணோ மட்கிய குப்பையோ கலந்த மணலைப் போடாதீர்கள், சலித்த ஆற்றுமணல் வேண்டும். மணல் கிடைக்காத இடங்களில் மூன்று நாப்தலின் உருண்டைகளை அதே இடுக்குகளில் வைத்து 45 நாளைக்கு ஒருமுறை மாற்றலாம். மூன்று வயதுக்குள் இருக்கும் கன்றுகளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். வளர்ந்த மரம் நான்கு ஓலை இழந்தாலும் பிழைக்கும். கன்றின் குருத்தடி துளைபட்டால் கன்றே போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் அந்தத் துளையில் இருக்கிறது. சிவப்புக் கூன்வண்டு தானாக மரத்தைத் துளைத்து நுழைவதைவிட, காயம்பட்ட இடத்தில் முட்டை போடுவதையே விரும்பும். காண்டாமிருக வண்டு திறந்துவைத்த கதவு வழியாகத்தான் அது பெரும்பாலும் வருகிறது. அதன் புழு கால் இல்லாத மெத்தென்ற புழுதான், ஆனால் மரத்தின் உள்ளேயே இருப்பதால் மரம்தான் அதற்கு மேலோடு. வெளியே தெரியும்போது மரம் கை நழுவியிருக்கும். அதனால் கொக்கியால் வண்டைக் குத்தி எடுத்த பிறகு துளையை அப்படியே விட்டுவிட்டு இறங்காதீர்கள். அந்த வேம்பு மணல் கலவையால் அடைத்துவிட்டு இறங்குங்கள்.

ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சின்ன மண்பானைகளில் தோப்பில் வைப்பது பழைய முறை, இன்றும் நன்றாக வேலை செய்கிறது. பொறித் தண்ணீரில் விழுந்த வண்டு சிலசமயம் மணிக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும். முன்னிறகுக்கு அடியில் சிக்கிய காற்றும், மூடிக்கொள்ளும் மூச்சுத்துளையும், மெழுகுப் பூச்சும்தான் காரணம். வாளிப் பொறியில் ஊற்றும் தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்துவிட்டால், தண்ணீர் மெழுகில் உருளாமல் பரவி மூச்சுத்துளைக்குள் இறங்கிவிடும். சீக்கிரம் சாகும். தெளிக்கும் மருந்தில் ஒட்டும் திரவம் சேர்க்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

பயறு வண்டும் மெழுகும்

குதிரிலும் சாக்கிலும் இருக்கும் பயறு வண்டு எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் முன்னிறகு குட்டை, வயிற்றின் நுனியை மூடாது. கையில் வைத்துப் பார்த்தால் குட்டைச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருக்கும். இவ்வளவு சிறிய உடம்பில் ஈரம் மிகக் குறைவு, அதைக் காப்பது அந்த மெழுகுப் பூச்சு ஒன்றுதான். உலர்ந்த, மிக நுண்ணிய மண்தூள் உடம்பில் ஒட்டினால் மெழுகை உறிஞ்சிவிடும், தேய்த்தும் எடுத்துவிடும். பிறகு வண்டு நஞ்சு எதுவும் இல்லாமலே வறண்டு சாகும். விதைப் பயறு 100 கிலோவுக்கு ஒரு கிலோ பதப்படுத்திய கயோலின் களிமண் தூள் கலக்கச் சொல்வது இதற்குத்தான். நம் பாட்டிமார் துவரைக்குச் செம்மண் கட்டியதும் சாம்பல் கலந்ததும் இதே கணக்குதான்.

ஆனால் ஒரு நிபந்தனை. பயறு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே. ஈரமான பயறிலும் மழைக்கால ஈரக்காற்றிலும் வண்டு இழந்த தண்ணீரை ஈடுகட்டிக்கொள்ளும். தூளும் நனைந்து கட்டியாகிவிடும். தூள் போட்டும் வண்டு சாகவில்லை என்று சொல்பவர்களின் சாக்கைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பயறு சில்லென்று இருக்கும்.

சமைக்கும் பயறுக்குக் களிமண் பிடிக்காதவர்கள் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி கடலை எண்ணெய் அல்லது வேப்ப எண்ணெய் பூசலாம். வேப்ப எண்ணெய் விதைக்கு மட்டும். எண்ணெய், பயறின் மேல் ஒட்டியிருக்கும் முட்டையை மூச்சுவிட முடியாமல் அடைத்துவிடும். புழு ஏற்கனவே பயறுக்குள் போயிருந்தால் எண்ணெய் அதைத் தொடாது, ஆகவே அறுவடை முடிந்து காயவைத்த கையோடு செய்துவிடுங்கள். பயறு வண்டு வயலிலிருந்தே காயில் முட்டையாக வருவது என்பதை நினைவில் வையுங்கள்.

ஓடு மெலிந்த வண்டுகளும், நமக்கு வேண்டிய வண்டுகளும்

துவரை, உளுந்துப் பூவைத் தின்னும், கறுப்பில் சிவப்பு மஞ்சள் பட்டை போட்ட வண்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் முன்னிறகு தோல்போல மெத்தென்றிருக்கும். ஓட்டை நம்பாமல் நஞ்சை நம்பும் வண்டு அது. பிடித்தால் கால் மூட்டிலிருந்து கசியும் திரவம் தோலில் கொப்புளம் போடும். கையுறை போட்டுக்கொண்டு அல்லது வலையால் பிடித்து மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். அதே கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். மின்மினியும் மெல்லிய ஓடு கொண்ட வண்டினம்தான். அதன் புழு நத்தைகளைத் தின்னும்.

பொறிவண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளியோடு வரும் அந்த வண்டை எல்லோரும் நல்லது என்று விட்டுவிடுகிறோம். அதன் புழுவை யாருக்கும் தெரிவதில்லை. கறுத்து, நீளமாக, ஆறு காலோடு, உடம்பெங்கும் சிறு முள்ளும் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் புள்ளியுமாகக் குட்டி முதலை மாதிரி இலையில் ஓடும். அசுவினியை வளர்ந்த வண்டுக்குக் குறையாமல் அதுவும் தின்னும். புதுசாக ஏதோ பூச்சி வந்துவிட்டது என்று அதற்கே மருந்து அடிக்கிறவர்கள் உண்டு. பெரிய வண்டுக்காவது கெட்டி முதுகு இருக்கிறது, பறந்தும் போய்விடும். மெல்லிய தோலோடு இருக்கும் அந்தப் புழுவுக்கு இரண்டும் கிடையாது, தெளித்த மருந்தில் முதலில் சாவது அதுதான். பருத்தியிலோ தட்டைப்பயறிலோ அசுவினியைப் பார்த்ததும் தெளிப்பானை எடுக்காமல், பத்துச் செடியின் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். குட்டி முதலைகள் தென்பட்டால் ஒரு வாரம் மருந்தைத் தள்ளிப்போட்டுவிட்டு மறுபடி வந்து எண்ணுங்கள்.